ஆன்டெனா நூலை அறுக்கும் கம்பியை ஆன் செய்தாலே போர்டு ரீசெட் ஆகிறது, உதவி தேவை

கியூப்சாட் கத்துக்குட்டி:
வணக்கம் நண்பர்களே. கல்லூரிக் குழுவாக ஒரு கியூப்சாட் (சிறிய கனசதுரச் செயற்கைக்கோள்) மாதிரி செய்துகொண்டிருக்கிறோம். விண்ணுக்கெல்லாம் போகாது, மேசைமேல் ஒழுங்காக ஓடினால் போதும். மடக்கிவைத்த ஆன்டெனாவை நைலான் நூல் கட்டிப் பிடித்திருக்கிறது. நைக்ரோம் கம்பி சூடாகி அந்த நூலை அறுக்க வேண்டும்.

ஒரே ஒரு 18650 லித்தியம் செல், மின்னழுத்தத்தை 3.3 வோல்ட்டில் நிறுத்த ஏஎம்எஸ்1117 ரெகுலேட்டர், புரோகிராம் ஓடும் இஎஸ்பி32 சிப் போர்டு, கம்பியை ஆன் செய்யும் மின்னணு சுவிட்சாக ஏஓ3400 மாஸ்ஃபெட். கம்பி 1.5 ஓம். ஆன் செய்ததும் சீரியல் மானிட்டரில் பிரவுன்-அவுட் (மின்னழுத்தம் போதவில்லை) என்று வந்து போர்டு ரீசெட் ஆகிறது. 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் போட்டும் பலனில்லை. 3.3 வோல்ட் லைனில் மல்டிமீட்டர் 3 வோல்ட் காட்டுகிறது. இன்னொன்று, சில நேரம் பவர் கொடுத்த உடனேயே கம்பி லேசாகச் சிவக்கிறது. புரோகிராமில் அப்படி எதுவும் எழுதவில்லை.

ஓம்விதி:
3.3 வர வேண்டிய இடத்தில் 3 வருகிறதே, அங்கேயே விஷயம் இருக்கிறது. ஏஎம்எஸ்1117 வேலை செய்ய உள்ளே வரும் மின்னழுத்தம் வெளியே போவதைவிட ஏறக்குறைய 1 வோல்ட் கூடுதலாக இருக்க வேண்டும். அதாவது 4.3 வேண்டும். முழுதாகச் சார்ஜ் ஆன செல்லே 4.2தான்.

கம்பி ஆன் ஆனால் சுமார் 2.5 ஆம்பியர் இழுக்கும். செல்லின் உள்தடை, ஹோல்டரின் ஸ்பிரிங் எல்லாம் சேர்ந்து 0.2 ஓம் என்று வைத்துக்கொண்டாலும் அரை வோல்ட் போய்விடும். செல் 4 வோல்ட்டில் இருந்து ரெகுலேட்டருக்கு 3.5 கிடைத்தால் இஎஸ்பி32க்கு 2.5தான் மிஞ்சும். ரீசெட் ஆகாமல் என்ன செய்யும்? மல்டிமீட்டர் சராசரியைத்தான் காட்டும். நொடிக்குள் நடக்கும் மாற்றத்தையும் வரைந்து காட்டும் ஆஸிலோஸ்கோப்பை 3.3 லைனில் வைத்துப் பாருங்கள், பள்ளம் தெரியும்.

கெப்பாசிட்டர் கதை: 2.5 ஆம்பியருக்கு 1000 மைக்ரோஃபாரட் 1 வோல்ட் இறங்க 0.4 மில்லிசெகண்ட் போதும். நூல் அறுபட சில வினாடிகள் ஆகும். கணக்கு ஒத்துவராது.

பக்-பூஸ்ட் ரெகுலேட்டர் போடுங்கள், உள்ளே வருவது கூடினாலும் குறைந்தாலும் 3.3 தரும். கம்பிக்குப் போகும் லைனையும் கிரவுண்டையும் செல்லின் முனையிலிருந்தே தடிமனான வயரில் தனியாக எடுங்கள். போர்டின் மெல்லிய டிராக் வழியாக வேண்டாம்.

வெற்றிடவாசி:
ரீசெட்டை விட, கம்பி தானாகச் சிவக்கிறது என்று கடைசியில் சொன்னீர்களே, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. மாஸ்ஃபெட்டைத் திறந்து மூடும் முனையான கேட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே ரெசிஸ்டர் இருக்கிறதா?

கியூப்சாட் கத்துக்குட்டி:
இல்லை அண்ணா. இஎஸ்பி32 பின்னிலிருந்து நேராகக் கேட்டுக்கு.

வெற்றிடவாசி:
அதுதான். ஆன் ஆகும்போதும் ரீசெட் ஆகும்போதும் அந்தப் பின் ஆனும் இல்லாமல் ஆஃபும் இல்லாமல் அந்தரத்தில் தொங்கும். ஏஓ3400 2.5 வோல்ட்டிலேயே நன்றாகத் திறக்கும் மாஸ்ஃபெட். உங்கள் வேலைக்கு நல்ல தேர்வுதான், ஆனால் அந்தரத்தில் விட்டால் பாதி திறந்து நிற்கும். கேட்டிலிருந்து கிரவுண்டுக்கு 10 கிலோ ஓம் போடுங்கள். பூட் ஆகும்போது தானாகத் துடிக்கும் பின்களையும் டேட்டாஷீட் (தயாரிப்பாளரின் விவரத் தாள்) பார்த்துத் தவிர்த்துவிடுங்கள்.

அப்புறம், ரீசெட் ஆனதும் புரோகிராம் முதலிலிருந்து ஓடி மறுபடியும் கம்பியை ஆன் செய்யுமே? சுழற்சியில் மாட்டும். ஆன் செய்வதற்கு முன்பே 'முயன்றாயிற்று' என்று, பவர் போனாலும் அழியாத ஃபிளாஷ் நினைவகத்தில் குறித்துவையுங்கள், நேர வரம்பும் வையுங்கள். நிஜ கியூப்சாட் விதிமுறையில், வெளியே தள்ளப்பட்டு 30 நிமிடம் ஆகும்வரை எதையும் விரிக்கக் கூடாது. பக்கத்திலேயே வேறு செயற்கைக்கோள் இருக்கும் அல்லவா.

செல்லின் பாசிட்டிவ் முனையை ஒட்டியே ஒரு ஃபியூஸ் கட்டாயம். 18650 ஷார்ட் ஆனால் பல பத்து ஆம்பியர் கொட்டும், வயர் உறையே தீப்பிடிக்கும்.

மேசையில் கம்பி காற்றில் ஆறுகிறது. வெற்றிடத்தில் அந்தக் குளிர்ச்சி கிடையாது, அதே கரண்டுக்கு இன்னும் சூடாகும். உங்களுக்கு இப்போது தேவையில்லை, சும்மா சொல்லிவைக்கிறேன்.

கியூப்சாட் கத்துக்குட்டி:
பக்-பூஸ்டும் 10 கிலோ ஓமும் போட்டாயிற்று, ஸ்கோப்பில் 3.3 லைன் அசையவே இல்லை. நூலும் அறுந்தது! கம்பி லைனில் பாதுகாப்புக்கு ஒரு சுவிட்ச் வைக்கலாம் என்று நினைக்கிறோம். விளக்குக்குப் போடும் சாதாரண சுவிட்ச் போதுமா?

ஓம்விதி:
டிசி மதிப்பு போட்டதாகப் பாருங்கள். 50 ஹெர்ட்ஸ் ஏசி வினாடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொடும், சுவிட்ச் திறக்கும்போது வரும் பொறி தானே அணையும். டிசியில் அந்த இடைவெளியே கிடையாது.

அப்பல்லோ 13 நினைவிருக்கிறதா? ஆக்சிஜன் தொட்டியின் ஹீட்டரை நிறுத்தும் தெர்மோஸ்டாட் சுவிட்ச் 28 வோல்ட் டிசிக்குச் செய்தது. தரைச் சோதனையில் 65 வோல்ட் டிசி கொடுத்தார்கள். திறக்கப் போன காண்டாக்ட் பற்றவைத்ததுபோல் ஒட்டிக்கொண்டது, ஹீட்டர் மணிக்கணக்கில் நிற்காமல் ஓடி உள்ளே வயரின் டெஃப்லான் உறை கெட்டது. 1970 ஏப்ரல் 13 அன்று, நிலவுக்குப் போகும் வழியில் அந்தத் தொட்டிதான் வெடித்தது.

உங்களுடையது 4 வோல்ட், பெரிய பொறி வராது. ஆனாலும் 3 ஆம்பியர் டிசிக்கு மேல் என்று டேட்டாஷீட்டில் இருப்பதை எடுங்கள். 250 வோல்ட் ஏசி என்று மட்டும் அச்சடித்திருந்தால் விட்டுவிடுங்கள்.