கரி அணைந்தால் எண்ணெய் தானாகப் பற்றுமா? வீட்டு பாய்லர் அனுபவங்கள்

நெல்லைக்காரன் (ஸ்கிரான்டன் பக்கம், பென்சில்வேனியா):

நாங்கள் வாங்கிய வீட்டின் பேஸ்மெண்டில் இரண்டு பாய்லர். தண்ணீரைச் சூடாக்கிக் குழாய் வழியே சுற்றவிட்டு வீட்டையே கதகதப்பாக வைப்பவை. ஒன்று எண்ணெய், மற்றது கரி. இந்தப் பக்கத்து மண்ணுக்கு அடியில் இருப்பதே ஆந்த்ரசைட் என்கிற கெட்டியான நிலக்கரி என்பதால், இன்னமும் கரி எரிக்கிற வீடுகள் இங்கே உண்டு. பழைய காலத்து விஷயம் என்று சிரிப்பவர்களுக்கு ஒரு கணக்கு. ஒரு டன் (இங்கே 2,000 பவுண்டு) ஆந்த்ரசைட்டில் சுமார் 2.5 கோடி பி.டி.யு. (வெப்பத்தை அளக்கும் அலகு) வெப்பம் இருக்கிறது. ஒரு கேலன் ஹீட்டிங் ஆயிலில் சுமார் 1,38,500. அதாவது ஒரு டன் கரி 180 கேலன் எண்ணெய்க்குச் சமம். விலையை நீங்களே பெருக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சிக்கல் சாம்பலில்தான். கரியின் எடையில் பத்தில் ஒரு பங்கு சாம்பலாக விழும். கடுங்குளிரில் தட்டு சீக்கிரமே நிரம்பிவிடும். பொங்கலுக்கு ஊருக்குப் போனால் யார் அள்ளுவது? தீ அணைந்தால் வீடு குளிரும், குழாயில் தண்ணீர் உறையும், குழாய் வெடிக்கும். அதனால் கரி நின்ற உடனே எண்ணெய் பாய்லர் தானாகக் கிளம்ப வேண்டும்.

எங்கள் வீட்டில் கரி பாய்லர் சூடாக்கும் தண்ணீர் எண்ணெய் பாய்லர் வழியாகவும் சுற்றுகிறது. இரண்டிலும் அக்வாஸ்டாட் உண்டு. தண்ணீரின் சூட்டைப் பார்த்து சுவிட்ச் போடுகிற சின்னப் பெட்டி அது. கரி ஸ்டோக்கர், அதாவது தானாகக் கரியைத் தள்ளிக் காற்று ஊதும் கருவி, 160 டிகிரி ஃபாரன்ஹீட்டில் கிளம்பி 180-இல் நிற்கும். எண்ணெய் பர்னர் 140-க்கு இறங்கினால்தான் பற்ற வேண்டும். கரி ஒழுங்காக எரிகிறவரை தண்ணீர் அவ்வளவு இறங்காது, ஆகவே எண்ணெய் தூங்கும்.

வீடு எங்கள் கைக்கு வந்தபோது இப்படி இல்லை. வயரிங் செய்தவர் எண்ணெயை 160-லேயே வைத்துவிட்டுப் போயிருந்தார். மாடியும் கீழும் ஒரே நேரத்தில் சூடு கேட்டால் தண்ணீர் சட்டென்று 155-க்கு இறங்கும். ஸ்டோக்கர் தணலை ஊதிப் பெரிதாக்கச் சில நிமிடமாவது ஆகும். அதற்குள் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) 'டக்' என்று விழும், எண்ணெய் பர்னர் உறுமத் தொடங்கும். கரிக்கும் காசு, எண்ணெய்க்கும் காசு. முள்ளை 140-க்குத் திருப்பி வைத்த பிறகுதான் டாங்கின் மட்டம் குறைவது நின்றது.

இப்போது என் கேள்வி: கரி அணைந்து எண்ணெய் ஓடும்போது கரி பாய்லரும் சேர்ந்து சூடாகிறது. தொட்டால் கை சுடுகிறது. இது வீண் செலவு இல்லையா?

கருந்தேள் (ஹேசல்டன், பென்சில்வேனியா):

வீண் செலவுதான் தம்பி. அணைந்த பாய்லரைச் சூடாக்கினால் அந்தச் சூடு நேராகப் புகைபோக்கி வழியே வானத்துக்குப் போகும். இரண்டு பாய்லருக்கும் நடுவே தண்ணீரைச் சுற்றவிடும் சர்குலேட்டர் பம்பை நிறுத்த வேண்டும். கரி பாய்லரில் இன்னொரு அக்வாஸ்டாட் போட்டு, தண்ணீர் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் பம்புக்குப் போகும் மின்சாரத்தை அது வெட்டும்படி செய்யுங்கள்.

ஆனால் அந்த அளவு எது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். பாதுகாப்பாக இருக்கட்டும் என்று 130-இல் வைப்பார்கள். எண்ணெய் 140-லேயே பற்றிக்கொண்டு, அந்தச் சூட்டைக் கரி பாய்லருக்கும் அனுப்பும். அக்வாஸ்டாட்டுக்கு அது கரியின் சூடா எண்ணெயின் சூடா என்று எப்படித் தெரியும்? 130-க்கு இறங்கவே இறங்காது, பம்பும் நிற்காது. ஆகவே பம்ப் வெட்டுகிற எண் எண்ணெய் பற்றுகிற எண்ணைவிட மேலே இருக்க வேண்டும். என் வீட்டில் ஸ்டோக்கர் 160, பம்ப் வெட்டு 150, எண்ணெய் 140. இந்த வரிசை மாறினால் எதுவும் சரியாக நடக்காது. குழாயில் தண்ணீரை ஒரே பக்கமாக விடும் செக் வால்வு ஒன்றும் போடுங்கள். அது இல்லாவிட்டால் பம்ப் நின்றாலும் சுடுதண்ணீர் தானாகவே பின்பக்கமாக நழுவும்.

இன்னொன்று. தீ அணைந்தது ஸ்டோக்கருக்குத் தெரியாது. தண்ணீர் குளிர்ந்திருக்கிறதே என்று கரியைத் தள்ளிக்கொண்டே இருக்கும். எங்கள் தெருவில் ஒருவர் காலையில் போய்ப் பார்த்தால் சாம்பல் டப்பா நிறையப் பளபளவென்று எரியாத ரைஸ் கரி (பொடியாக உடைத்த கரி). ஸ்டோக்கரையும் அதே வெட்டில் சேர்த்துவிடுங்கள். மறுபடி பற்றவைக்கும்போது குளிர்ந்த தண்ணீரோடு தொடங்க வேண்டுமே, அதற்குக் அந்த வெட்டைத் தாண்டி மின்சாரம் போகும்படி, கையால் முறுக்கும் டைமர் ஒன்றைப் பக்கவழியாக வைத்தால் போதும். சாதாரண சுவிட்ச் வைத்தால் அணைக்க மறந்துபோகும்.

மஞ்சுளா (கிராக்கோவுக்கு வெளியே, போலந்து):

கிராக்கோ நகருக்குள் 2019 செப்டம்பர் முதல் கரியும் விறகும் எரிக்கக் கூடாது. நாங்கள் வாடகைக்கு இருப்பது நகர எல்லைக்கு வெளியே. கீழ்த்தளத்தில் தானாகக் கரி தள்ளும் பாய்லர், சுவரில் கேஸ் பாய்லர்.

எங்கள் வீட்டில் இரண்டு தண்ணீரும் கலப்பதே இல்லை. கரிப் பக்கம் மேலே திறந்த தொட்டி வைத்த அமைப்பு, அதிகம் கொதித்தால் அழுத்தம் ஏறாமல் அங்கே போய்விடும். கேஸ் பக்கம் மூடிய அமைப்பு. நடுவில் தகடு தகடாக அடுக்கிய ஹீட் எக்ஸ்சேஞ்சர் சூட்டை மட்டும் கடத்துகிறது. கருந்தேள் அண்ணா சொன்ன குழப்பமும் இங்கே குறைவு. கரி பாய்லரின் கன்ட்ரோலர் தண்ணீரோடு புகையின் சூட்டையும் பார்க்கிறது. தீ இல்லையென்றால் புகைக்குழாய் குளிர்ந்துவிடும், அதில் ஏமாற்று வேலை கிடையாது. அப்போது ஒரு ரிலே மூடி கேஸ் பாய்லரைக் கூப்பிடும்.

வீட்டுக்காரப் பாட்டிக்கு மட்டும் இதில் நம்பிக்கை இல்லை. ராத்திரி ஒருமுறை இறங்கி வந்து குழாயைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் படுப்பார்.

தணல் (பாட்ஸ்வில், பென்சில்வேனியா):

எல்லோரும் தீ அணைவதைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் கையால் கரி போடுகிற ஆள், எனக்குத் தீ அணையாததுதான் பயம். 2011 அக்டோபர் கடைசியில் பெய்த பனியில் இன்னும் இலை உதிர்க்காமல் நின்ற மரங்களெல்லாம் முறிந்து மின்கம்பிமேல் விழுந்தன. கரண்ட் போனால் பம்ப் நிற்கும், தணல் நிற்காது. காற்றுக் கதவு மூடினாலும் உள்ளே இருக்கிற சூடு தண்ணீரைக் கொதிக்க வைக்கும். அழுத்தம் 30 பி.எஸ்.ஐ.-க்கு மேல் போனால், அதைத் தணிக்கத் திறக்கும் ரிலீஃப் வால்வு பீச்சி அடிக்கும்.

இதற்குக் கரண்ட் இருக்கும்வரை மூடியிருந்து, போனதும் தானே திறந்துகொள்ளும் ஜோன் வால்வு வேண்டும். அது மாடியில் உள்ள ஒரு ரேடியேட்டருக்கு வழிவிடும். சுடுதண்ணீர் இலேசானது என்பதால் பம்ப் இல்லாமலே மேலே ஏறிக் குளிர்ந்து கீழே வரும். என் வீட்டில் அந்தச் சமயம் குளியலறைதான் வீட்டிலேயே சொகுசான இடம்.

ஸ்டோக்கர்காரர்களுக்கு இந்தக் கவலை குறைவு, காற்றாடி நின்றால் தீ மெல்லச் செத்துவிடும். ஆனால் எண்ணெய் பர்னருக்கும் கரண்ட் வேண்டுமே! இரண்டும் ஒரே கம்பத்துக் கரண்டை நம்பி நின்றால் அது என்ன மாற்று ஏற்பாடு? நம் ஊர் வீடுகளில் இருப்பதுபோல ஒரு இன்வெர்ட்டராவது வையுங்கள். மோட்டார் ஓட வேண்டுமென்பதால், வீட்டுக் கரண்டைப் போலவே சீரான அலையாகத் தரும் சைன் வேவ் வகை பார்த்து வாங்குங்கள்.

நெல்லைக்காரன்:

நன்றி அண்ணா. செக் வால்வு வாங்கிவிட்டேன். புகைபோக்கி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், இதைப் படித்துவிட்டு யாராவது தாங்களே இறங்கிவிடக் கூடாது. கரிக்கும் எண்ணெய்க்கும் ஒரே புகைவழி வைக்காதீர்கள். ஆந்த்ரசைட்டில் புகையே தெரியாது, அதனால் கார்பன் மோனாக்சைடு கசிந்தாலும் மூக்குக்குத் தெரியாது. பேஸ்மெண்டில் ஒன்று, படுக்கையறைக்கு வெளியே ஒன்று என அலாரம் கட்டாயம்.

கடைசியாக ஒரு சந்தேகம். ஹனிவெல் எல்6006 அக்வாஸ்டாட்டில் பம்ப் வயரை எந்த முனையில் கொடுப்பது?

கருந்தேள்:

ஆர்-டபிள்யூ. சூடு ஏறும்போது சேர்வது அதுதான். ஆர்-பி சூடு ஏறினால் பிரியும், அதில் கொடுத்தால் பம்ப் தலைகீழாக வேலை செய்யும். உள்ளே இருக்கிற சக்கரத்தில் டிஃபரன்ஷியலை (சேர்வதற்கும் பிரிவதற்கும் நடுவில் உள்ள சூட்டு இடைவெளி) 5 முதல் 30 டிகிரி வரை திருகலாம், நான் சின்னதாகவே வைத்திருக்கிறேன். மூடியைக் கழற்றும் முன் பிரேக்கரை இறக்கிவிடுங்கள்.