பி.ஏ. படிக்கும்போதே வளர்ச்சித் துறையில் கள அனுபவம்: எங்கே தொடங்குவது?

நடவு_மதுரை:
பி.ஏ. பொருளாதாரம், இரண்டாம் ஆண்டு. பின்னால் சர்வதேச வளர்ச்சித் துறைக்குப் போக ஆசை. எந்த அறிவிப்பைப் பார்த்தாலும் கள அனுபவம் கேட்கிறார்கள். ஆப்பிரிக்காவில் நாலு வாரம் தன்னார்வப் பணி என்று ஒரு விளம்பரம். கட்டணமே ஒரு லட்சத்துக்கு மேல், டிக்கெட் தனி. பிரயோஜனப்படுமா? ஐ.நா. இன்டர்ன்ஷிப்புக்கு இப்போதே போடலாமா? கோடை விடுமுறை ஆறு வாரம் இருக்கிறது.

கரிசல்காடு:
அந்தக் காசைக் கட்டாதீங்க. மொழி தெரியாத ஊரில் நாலு வாரத்துக்குப் பள்ளிக்கூடச் சுவருக்கு வெள்ளையடிக்கத்தான் விடுவார்கள். நேர்காணலில் கேட்பது வேறு: கணக்கெடுப்புப் படிவம் யார் தயாரித்தது, எத்தனை வீடு, தப்பு வந்ததை எப்படிப் பிடித்தீர்கள்?

ஐ.நா. செயலகத்தில் இளங்கலை இறுதியாண்டு வந்த பிறகுதான் போட முடியும். 2 முதல் 6 மாதம், சம்பளம் கிடையாது. நியூயார்க், ஜெனீவா என்றால் வாடகை உங்கள் தலையில். யூனிசெஃப் இளங்கலை மாணவர்களையும் எடுக்கிறது. 18 வயது ஆகியிருந்தால் ஐ.நா. தன்னார்வலர் அமைப்பின் ஆன்லைன் பணிகளுக்கு வீட்டிலிருந்தே போடலாம். 2025 ஜூலையோடு அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி அமைப்பான யு.எஸ்.எய்ட் கடையைச் சாத்தியதிலிருந்து அனுபவசாலிகளே வரிசையில் நிற்கிறார்கள். அதனால் வெறும் ஆர்வத்தை எழுதி அனுப்பினால் பதில் வராது.

அளவுகோல்:
ஆறு வாரத்துக்கு ஒரே ஒரு கணக்கெடுப்பு போதும். பக்கத்துக் கிராமம், 60 வீடு, 25 கேள்வி. ரேஷன் அல்லது குடிநீர், ஏதாவது ஒன்றுதான். முதல் வாரம் படிவம், இரண்டாம் வாரம் 5 வீட்டில் சோதனை, அடுத்த இரண்டு வாரம் களம், மிச்சம் தரவைச் சுத்தம் செய்யவும் அறிக்கை எழுதவும்.

மாட்டிக்கொள்வது கேள்வியின் வார்த்தையில்தான். "வீட்டில எத்தனை பேர்?" என்றால் திருப்பூரில் ரூம் எடுத்துத் தங்கியிருக்கும் மகனையும் சேர்த்துச் சொல்வார்கள், அதே கூரையின் கீழ் தனியாகப் பொங்கித் தின்னும் மாமியாரையும் சேர்ப்பார்கள். தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு வரையறைப்படி சேர்ந்து வசித்து, ஒரே சமையலில் சாப்பிடுகிறவர்கள்தான் ஒரு குடும்பம். "ஒரே உலையில சாப்பிடுறவங்க எத்தனை பேர்?" என்று கேட்டுப் பாருங்கள், எண்ணிக்கை மாறும்.

அரிசியும் அப்படித்தான். "மாசம் அரிசிக்கு எவ்வளவு ஆகுது?" என்றால் கடையில் வாங்கிய பொன்னியை மட்டும் சொல்வார்கள். ரேஷன் அரிசிக்குக் காசு கொடுப்பதில்லையே, அது நினைவுக்கே வராது. ரேஷனில் எத்தனை கிலோ, கடையில் எத்தனை கிலோ என்று பிரித்துக் கேளுங்கள். (ரேஷன் அரிசியை விற்றீர்களா என்று நேராகக் கேட்டால் அதற்கப்புறம் எந்தக் கேள்விக்கும் பதில் வராது.)

படிவத்துக்கு கோபோ டூல்பாக்ஸ் என்ற கணக்கெடுப்பு மென்பொருள். எக்ஸெல்லில் ஒரு ஷீட்டில் கேள்விகள், இன்னொன்றில் விடைத் தெரிவுகள். தெரிவின் குறியீட்டுப் பெயரில் இடைவெளி விடாதீர்கள். பல விடை தேர்ந்தெடுக்கும் கேள்வியில் விடைகள் இடைவெளியால்தான் பிரித்துச் சேமிக்கப்படுகின்றன, எல்லாம் குழம்பிவிடும். வயதுக்கு 0 முதல் 110 வரை என்று வரம்பு போடுங்கள். அதன் போன் செயலி சிக்னல் இல்லாமலும் வேலை செய்யும், ஆனால் அனுப்பும்வரை தரவு அந்தப் போனுக்குள்தான் இருக்கும். இடம் பத்தவில்லை என்று செயலியை நீக்கினால் எல்லாம் போச்சு. தினமும் ராத்திரி அனுப்பிவிட்டுத் தூங்குங்கள்.

வைகைக்கரை:
மேலே சொன்னதோடு ஒன்று. காலை 10 மணிக்குப் போனால் வயசானவர்கள்தான் இருப்பார்கள். பூட்டிய வீட்டுக்குப் பதில் பக்கத்து வீடு என்று மாற்றினால் கூலி வேலைக்குப் போகிறவர்கள் அத்தனை பேரும் கணக்கிலிருந்து விழுந்துவிடுவார்கள். சாயங்காலம் 5.30-க்கு மேல் திரும்பப் போங்கள், மூன்று முறை பார்த்த பிறகுதான் விடலாம். முடித்த வீடுகளில் பத்தில் ஒன்றுக்கு வேறொரு ஆள் போய் நாலைந்து கேள்வியை மறுபடி கேட்டு, விடை பொருந்துகிறதா என்று பார்க்கட்டும்.

கல்லூரி என்.எஸ்.எஸ். (நாட்டு நலப்பணித் திட்டம்) முகாமைச் சும்மா விடாதீங்க. வருடத்துக்கு 120 மணி நேரம், ஏழு நாள் முகாம் எப்படியும் உண்டு. பேரணிக்குப் பதில் இந்தக் கணக்கெடுப்பை வைக்கலாமா என்று திட்ட அலுவலரிடம் கேளுங்கள். சான்றிதழ் மட்டும் பெரிய எடை இல்லை.

கிராமசபையிலும் போய் உட்காருங்கள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வரவு செலவு வாசிக்கும்போது யார் கேள்வி கேட்கிறார்கள், யார் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்புகிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

நடவு_மதுரை:
நன்றி அக்கா, அண்ணா. அனுமதி யாரிடம் வாங்குவது?

அளவுகோல்:
துறைத் தலைவர் கடிதம் ஒன்று; அதைக் காட்டி ஊராட்சித் தலைவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஒவ்வொரு வீட்டிலும் "மாணவர்கள், இதனால் எந்தச் சலுகையும் வராது, விருப்பம் இல்லாவிட்டால் நிறுத்திக்கொள்ளலாம்" என்று வாசித்துக் காட்டிய பிறகே தொடங்குங்கள். ஆதார் எண் கேட்காதீர்கள். கேட்ட அடுத்த நிமிடம் நீங்கள் ரேஷன் கார்டை வெட்ட வந்தவர் என்று தெரு முழுக்கப் பரவிவிடும்.