வீட்டில் கட்டிய வால்வு ஆம்ப்: உங்களை அலையவிட்டது எது?

போன டிசம்பரில் ஃபெண்டர் கம்பெனியின் சாம்ப் 5எஃப்1 சர்க்யூட்டைப் பார்த்து ஒரு கிட்டார் ஆம்ப் (கிட்டார் சத்தத்தைப் பெருக்கும் பெட்டி) கட்டினேன். முதலில் பெருக்க ஒரு 12ஏஎக்ஸ்7, ஸ்பீக்கரை ஓட்ட ஒரு 6வி6, ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையருக்கு 5ஒய்3. மூன்றே வால்வு, சுமார் 5 வாட். இதில் என்ன தப்பு வந்துவிடப் போகிறது?

வால்வு சூடேறியதும் கிளம்பியது பாருங்கள் ஓர் அலறல்! பக்கத்து வீட்டு நாயும் சேர்ந்து ஊளையிட்டது. வால்யூமை அடியோடு குறைத்தும் நிற்கவில்லை. அதுதான் துப்பு, எனக்கு அப்போது உறைக்கவில்லை. வால்வை மாற்றினேன், சால்டர் வைத்த இடமெல்லாம் மறுபடி வைத்தேன். இரண்டு நாள் போனது. கடைசியில் ஸ்பீக்கரிலிருந்து திரும்பி வரும் 22 கே ரெசிஸ்டரின் ஒரு காலைக் கழற்றினேன், கப்சிப். அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மரின் நீல வயரையும் சிவப்பு வயரையும் இடம் மாற்றிக் கொடுத்திருக்கிறேன். வெளியே போவதில் ஒரு பங்கை உள்ளே திருப்பிவிட்டுச் சத்தத்தை அடக்க வேண்டிய ஃபீட்பேக் அதை ஊதிப் பெருக்கிக்கொண்டிருந்தது. வால்யூம் அந்த வளையத்துக்கு முன்னாலேயே இருப்பதால் குறைத்தும் பயனில்லை.

வயரைச் சரிசெய்த பிறகும் அந்த ரெசிஸ்டர் இல்லாமலே ஒரு வாரம் வாசித்தேன். கொஞ்சம் முரட்டுச் சத்தம், ஆனால் பிடித்துப்போனது. இப்போது அதற்கு ஒரு சுவிட்ச் வைத்திருக்கிறேன்.

பதில்:
அண்ணா, எனக்கு அலறல் இல்லை. ஆனால் விளக்கை அணைத்தால் 6வி6-இன் பிளேட் (வால்வுக்குள் எலக்ட்ரான் போய்ச் சேரும் தகடு) லேசாகச் சிவந்து தெரிந்தது. பிளேட்டில் 375 வோல்ட், எலக்ட்ரான் கிளம்பும் கேதோடு முனையில் இருக்கும் 470 ஓம் ரெசிஸ்டரில் 22 வோல்ட். கணக்குப் போட்டால் 47 மில்லிஆம்பியர், ஸ்கிரீன் என்ற இன்னொரு முனைக்குப் போவதைக் கழித்தாலும் 15 வாட்டுக்கு மேல். பழைய 6வி6ஜிடி-க்கு 12 வாட்தான் வரம்பு. ட்ரான்ஸ்ஃபார்மர் 220 வோல்ட்டுக்குச் சுற்றியது, எங்கள் வீட்டு பிளக்கில் 245! ரெசிஸ்டரை 820 ஓம் ஆக்கினேன், சிவப்பு போய்விட்டது. கை வைக்கும் முன், மின்சாரத்தைச் சேர்த்து வைத்திருக்கும் ஃபில்டர் கண்டென்சரை டிஸ்சார்ஜ் செய்து மீட்டரில் பார்த்துவிடுங்கள். நான் ஒருமுறை ஷாக் வாங்கியிருக்கிறேன், தோள்பட்டை வரை இழுத்தது.

பதில்:
என் கதை கேவலம். ம்ம்ம் என்று ஒரு ஹம். வால்வைச் சூடாக்கும் ஹீட்டர் வயரை முறுக்கினேன், இரண்டு 100 ஓம் ரெசிஸ்டர் போட்டு எர்த் கொடுத்தேன், எர்த் புள்ளியையே மாற்றினேன். ஒரு மாதம். ஒருநாள் அம்மா ட்யூப் லைட்டை அணைத்துவிட்டுப் போனார், ஹம் நின்றது. சுற்றியுள்ள இரைச்சலை எளிதில் பிடித்துக்கொள்ளும் சிங்கிள் காயில் பிக்கப் கிட்டாரை வைத்துக்கொண்டு லைட்டுக்கு நேர் கீழே உட்கார்ந்திருக்கிறேன். ஆம்பில் ஒரு கோளாறுமே இல்லை, ட்யூப் லைட்டின் சோக்குதான்.