வின்னியைத் தேடினால் வந்து நின்றவன்

குழு: நம் வீட்டுக் கூடம்

கவிதா: வீட்டில் சிறு பிள்ளைகள் இருப்பவர்கள் கவனியுங்கள். பாப்பா டிவியில் ‘வின்னி த பூ’ என்று தேடியிருக்கிறாள். கரடியின் பெயரைப் பார்த்ததும் அழுத்திவிட்டாள். நான் அடுப்படியில் தாளித்துக்கொண்டிருந்தேன். வீறிட்ட சத்தம் கேட்டு ஓடினால், கரடி முகமூடி போட்ட ஒருவன் ஒரு பெண்ணைத் துரத்துகிறான். பாப்பா இன்னும் என் மடியை விட்டு இறங்கவில்லை.

சரோஜா அத்தை: ஐயோ, என் கண்ணே! உப்பு மிளகாய் சுற்றிப் போடு. இன்று விளக்கை அணைக்காதே.

சித்தப்பா: குழந்தைகளின் கரடியை இப்படிச் செய்ய யார் விட்டார்கள்? டிஸ்னி சும்மா இருக்கிறதா?

கார்த்திக்: தடுக்க முடியாது, சித்தப்பா. ஆங்கில எழுத்தாளர் மில்ன் எழுதிய முதல் வின்னி புத்தகம் 1926இல் வந்தது. அமெரிக்கச் சட்டப்படி பதிப்புரிமையின் 95 ஆண்டு முடிந்து, 2022 ஜனவரி 1 முதல் அது எல்லோருக்கும் பொது, யாரும் எடுத்தாளலாம். அக்கா சொல்வது ‘பிளட் அண்ட் ஹனி’, 2023இல் வந்த பிரிட்டிஷ் படம். செலவு 1 லட்சம் டாலருக்கும் குறைவு, படப்பிடிப்பு 10 நாள். வசூலோ 50 லட்சம் டாலரைத் தாண்டியது.

கார்த்திக்: புலிக்குட்டி டிகர் 1928 புத்தகத்தில்தான் வருகிறது. அதனால் முதல் படத்தில் அது இல்லை. 2024இல் அதுவும் பொதுவானது, இரண்டாம் பாகத்தில் சேர்த்துவிட்டார்கள்.

கவிதா: கதை என்று ஏதாவது உண்டா, தம்பி?

கார்த்திக்: தொடக்கம் உண்மையிலேயே மனத்தைப் பிசைந்தது, அக்கா. விலங்குகளின் தோழனான சிறுவன் கிறிஸ்டோபர் ராபின் வளர்ந்து, படிக்கப் போய்விடுகிறான். குளிர்காலத்தில் பசி தாங்காமல் மற்றவை கழுதை ஈயோரைத் தின்றுவிடுகின்றன. அதை வைத்தே பெரிய படம் எடுத்திருக்கலாம். அடுத்த காட்சியிலிருந்து ரப்பர் முகமூடி போட்ட இரண்டு பேர் வெட்டுகிறார்கள், அவ்வளவுதான். மோசமான படங்களுக்கான ராஸ்பெரி விருதுகளில் ஐந்து இதற்குத்தான்.

சித்தப்பா: மில்ன் முதல் உலகப் போரில் சோம் போர்க்களத்தில் இருந்தவர். அந்தப் பீரங்கிச் சத்தத்தைக் கேட்ட மனிதர் மகனுக்காக எழுதிய கதை அது. அதைப் போய்! குழந்தைக் கதைகளுக்கு என்றைக்கும் பாதுகாப்பு இருக்கும்படி சட்டத்தை மாற்ற வேண்டும்.

கார்த்திக்: அதை மட்டும் சொல்லாதீர்கள், சித்தப்பா. 1998இல் அமெரிக்காவில் பதிப்புரிமையை 20 ஆண்டு நீட்டினார்கள். 1923இல் வந்த புத்தகங்களும் படங்களும் 2019 வரை பூட்டிக் கிடந்தன. ஸ்னோ ஒயிட்டும் சிண்டரெல்லாவும் டிஸ்னி சொந்தமாக யோசித்த கதைகளா? எல்லோருக்கும் பொதுவாக இருந்ததால்தானே அவர்கள் எடுத்தார்கள்? எனக்கு இந்த அவசரத்தின் மேல்தான் கோபம். மிக்கி மவுஸின் 1928 படம் பொதுவான 2024 ஜனவரி 1 அன்றே ஒரு கொலைப் படத்தின் முன்னோட்டம் வந்துவிட்டது. பொதுவானது அந்தப் படத்தில் வரும் கையுறை போடாத கறுப்பு வெள்ளை எலி மட்டும்தான். 2025இல் நியூயார்க் படகில் ஆட்களைக் கொல்லும் எலி, அதே ஆண்டு கார்ட்டூன் மாலுமி பாப்பாயை வைத்தும் கொலைப் படம். இத்தனை காலம் காத்திருந்து கிடைத்த பாத்திரத்துக்கு ஒரு நல்ல கதை யோசிக்கக் கூடாதா?

சித்தப்பா: படத்தை எங்கே எடுத்தார்கள்?

கார்த்திக்: இங்கிலாந்தில், ஆஷ்டவுன் காட்டில்.

சித்தப்பா: மில்ன் மகனோடு நடந்த காடு அதுதான், கார்த்தி. கதையில் வரும் நூறு ஏக்கர் காடு.

கார்த்திக்: தெரியும், சித்தப்பா. மில்ன் 1956இல் இறந்தார். அவர் நாட்டில் 2026 முடியும்வரை அந்தப் புத்தகத்துக்குப் பதிப்புரிமை உண்டு.

கவிதா: அதெல்லாம் இருக்கட்டும். இனி பாப்பா கையில் இப்படி எதுவும் சிக்காமல் இருக்க என்ன செய்வது?

கார்த்திக்: அவளுக்குக் குழந்தைகள் கணக்கு தனியாகத் திற, அக்கா. உன் கணக்குக்கு ரகசிய எண் போடு. நாளை காலை வந்து செய்து தருகிறேன்.

சித்தப்பா: கவிதா, பாப்பாவைத் தூங்க வைத்துவிடாதே. மில்ன் புத்தகத்தின் முதல் அத்தியாயத்தை என் வகுப்பில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். இப்போது சொல்லி அனுப்புகிறேன்.

சித்தப்பா: (குரல் பதிவு, 6.40)

சரோஜா அத்தை: நானும் கேட்டேன், தம்பி. பலூனைப் பிடித்துப் பறந்து தேன் எடுக்க, மேகம் மாதிரி தெரிய வேண்டும் என்று சேற்றில் புரள்கிறதே அந்தக் கரடி!

கவிதா: மடியை விட்டு இறங்கிவிட்டாள், சித்தப்பா. கரடி எந்த பலூனைப் பிடித்துக்கொண்டது, நீலமா பச்சையா என்று கேட்கிறாள்.

சித்தப்பா: நீலம். தேனீக்கள் அதை வானம் என்று நினைக்க வேண்டுமே!