புதுப்பிப்பு: ஆயில் குறைந்ததற்குக் காரணம் வால்வு சீல்கள்தாம்

2 லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிய என் பெட்ரோல் காரில் 1,000 கிலோமீட்டருக்கு முக்கால் லிட்டர் ஆயில் குறைகிறது என்றும், வண்டி நிற்கும் இடத்தில் ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை என்றும் முன்பு எழுதியிருந்தேன். பலர் சொன்னபடி, எஞ்சினின் அடிப்பகுதியில் சேரும் வாயுக்களை மீண்டும் எஞ்சினுக்குள் எரியச் செலுத்தும் பி.சி.வி. வால்வை முதலில் மாற்றினேன். அது அடைபட்டிருந்தது உண்மைதான், ஆனால் ஆயில் குறைவது சற்றே மட்டுப்பட்டதே தவிர நிற்கவில்லை.

அடுத்து, சிலிண்டருக்குள் எவ்வளவு அழுத்தம் உண்டாகிறது என்று அளக்கும் கம்ப்ரஷன் சோதனை செய்தோம். ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு கரண்டி ஆயில் விட்டு மறுபடி அளந்தபோது அழுத்தம் குறிப்பிடத்தக்க அளவு உயராததால், பிஸ்டனைச் சுற்றி அந்த அழுத்தம் கசியாமல் காக்கும் கம்ப்ரஷன் ரிங்குகள் பெரிதாகத் தேயவில்லை என்று தெரிந்தது. சிலிண்டர் சுவரிலிருந்து ஆயிலை வழித்தெடுக்கும் ஆயில் ரிங் கரி பிடித்து இறுகியிருந்தாலும் இந்தச் சோதனையில் அது தெரியாது என்பதால், இதை மட்டும் நம்பி முடிவெடுக்க எனக்கு மனம் வரவில்லை. எனவே புகையை உற்றுக் கவனித்தேன்: இரவு முழுவதும் நின்ற வண்டியைக் காலையில் கிளப்பும்போதும், நெடுநேரம் ஐட்லிங்கில் நின்ற பின் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதும் மட்டுமே நீலப் புகை வந்தது, ஓட்டத்தில் வேகமெடுக்கும்போது வரவில்லை. இது ரிங்குகளை அல்ல, வால்வுத் தண்டு வழியே ஆயில் சிலிண்டருக்குள் கசியாமல் தடுக்கும் வால்வு சீல்களையே சுட்டியது.

எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டைக் கழற்றாமலேயே, ஸ்பார்க் பிளக் துளை வழியாகக் காற்றழுத்தம் கொடுத்து வால்வுகள் கீழே விழாதபடி தாங்கிக்கொண்டு, மெக்கானிக் எல்லாச் சீல்களையும் மாற்றினார். ரப்பராக இருக்க வேண்டிய பழைய சீல்கள் விரலால் அழுத்தியதும் ஓடுபோல் நொறுங்கின. அதன்பின் 2,000 கிலோமீட்டர் ஓடியும், சமதளத்தில் எஞ்சின் ஆறிய பிறகு பார்த்தால், டிப்ஸ்டிக்கில் ஆயில் மேல்கோட்டுக்குச் சற்றே கீழே நிற்கிறது.