புதுப்பிப்பு: செவ்வாய், வியாழன் மாலைகள் இனி எனக்கு

அலுவலகம் முடிந்ததும் மும்பை மாட்டுங்காவில் வீணை வகுப்புக்குப் போக ஆசை, வீட்டில் இரவுச் சமையல் என்னாகும் என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். "அனுமதி கேட்காதீர்கள், முடிவைச் சொல்லுங்கள்" என்று ஓர் அக்கா எழுதியிருந்தார். அப்படியே செய்தேன்.

சாப்பிடும்போது சொன்னேன்: "அத்தை, செவ்வாயும் வியாழனும் நான் வர ஒன்பது மணியாகும். அன்றைக்கு அடுப்பு உங்கள் பிள்ளை பொறுப்பு." அத்தை சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "மாவு இருந்தால் தோசை ஊற்ற அவனுக்குத் தெரியாதா என்ன?" என்றார்.

உண்மையான சோதனை பிறகுதான் வந்தது. ஒரு வியாழக்கிழமை, நான் விடுப்பில் இருந்தபோது, நாத்தனார் குடும்பத்தோடு வந்துவிட்டார். சாக்குப்போக்கு எதுவும் சொல்லாமல், "வகுப்பு முடிந்து வந்துவிடுகிறேன் அண்ணி" என்று கிளம்பினேன். செம்பூரில் ரயில் ஏறி, வடாலாவில் மாறி, மாட்டுங்கா பக்கத்துக் கிங்ஸ் சர்க்கிளில் இறங்கும்வரை நெஞ்சு படபடத்தது. நாத்தனார் முகம் வாடியது உண்மைதான். வாடட்டும், உறவு அதனால் அறுந்துவிடாது.

இப்போது மாயாமாளவகௌளை ராகத்தில் சரளி வரிசை என்ற தொடக்கப் பாடம் நடக்கிறது. வீணையில் தந்தியை அழுத்த 24 மெட்டுகள், மொத்தம் 7 தந்திகள். இடக்கை ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் தந்தி அழுந்திய கோடுகள். புளி கரைக்கும்போது சுரீரென்று எரிகிறது. அந்த எரிச்சல்கூட எனக்குப் பிடித்திருக்கிறது.

இன்னும் தீராதது அலுவலகத்தின் வியாழன் மாலைக் கூட்டம். ஐந்தரை மணிக்கு மேல் என்னைச் சேர்க்க வேண்டாம் என்று மேலாளருக்கு எழுதியிருக்கிறேன். பதில் எதுவானாலும் வகுப்பை விடுவதாக இல்லை.