பெசன்ட் நகர் ஆமை நடை: போனவர்கள் சொல்லுங்கள்

"இன்னைக்கு ஆமை வருமா?"

ராத்திரி கரையோரம் நடந்து ஆமைக்கூடு தேடச் சென்னை நீலாங்கரையில் வந்து நிற்கிற எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். யாருக்கும் தெரியாது. பல ராத்திரி அங்கிருந்து பெசன்ட் நகர் வரை, ஏழு கிலோமீட்டர் கிட்ட வரும், மணலில் காலை இழுத்து இழுத்து நடந்து, நாயையும் நண்டையும் தவிர ஒன்றையும் பார்க்காமல் வீடு திரும்பியிருக்கிறேன். ஆமை பார்த்தே ஆகவேண்டும் என்று வருகிறவர்கள் மனதைத் தேற்றிக்கொண்டு வாருங்கள்.

மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு, எஸ்.எஸ்.டி.சி.என். என்றால்தான் பலருக்குத் தெரியும், 1988-இலிருந்து இதைச் செய்கிறது. சென்னைக் கரையில் ராத்திரி நடந்து ஆமைக்கூடு தேடுவது அதற்கும் முந்தின பழக்கம். 1970-களில் சென்னைப் பாம்புப் பண்ணையை ஆரம்பித்த ரோமுலஸ் விட்டேக்கரும் அவரோடு இருந்தவர்களும் ஆரம்பித்தது. ஐ.ஐ.டி.யில் படிக்க வந்து, ஆமைக்காக இந்தியக் கடற்கரை நெடுக நடந்த சதீஷ் பாஸ்கரும் அந்தக் காலத்து ஆள்தான். இப்போது நடப்பவர்களில் பெரும்பாலும் கல்லூரிப் பிள்ளைகள், நடுநடுவே என்னைப் போல முட்டிவலிக்காரர்கள்.

வருவது சித்தாமை. மீனவர்கள் பங்குனி ஆமை என்பார்கள். ஜனவரியிலேயே ஆரம்பித்துவிடும், மாசி பங்குனியில்தான் உச்சம்.

ஆமையை நேரில் பார்ப்பதைவிடத் தடத்தைப் பார்ப்பதுதான் அதிகம். ஈரமணலில் டிராக்டர் ஏறி இறங்கின மாதிரி ஒரு தடம் மேலே போகும், கொஞ்சம் தள்ளி இன்னொன்று கடலுக்குத் திரும்பும். இரண்டுக்கும் நடுவே மணல் கலைந்து கிடக்கிற இடத்தில் எங்கோ கூடு. முட்டையிட்டு மூடியபிறகு உடம்பாலேயே தொம் தொம் என்று மணலை இடித்துச் சமன் செய்துவிட்டுப் போயிருக்கும், லேசில் கண்டுபிடிக்க முடியாது. அனுபவசாலி ஒருவர் மெல்லிய குச்சியால் நிதானமாகக் குத்திப் பார்ப்பார். எல்லா இடத்திலும் மணல் எதிர்க்கும், ஒரே இடத்தில் குச்சி தானாக உள்ளே இறங்கும். அங்கே கையால் மட்டும்தான் தோண்டணும். ஒன்றரை அடி ஆழம், கழுத்து குறுகி அடி அகன்ற குழி, அதில் நூறு, நூற்றிருபது முட்டை. தொட்டால் லேசாக அமுங்கும், உடையாது. ஒவ்வொன்றாக எண்ணி, அந்தக் கூட்டு மணலையே கொஞ்சம் போட்டுத் துணிப்பையில் வைக்கவேண்டும். குலுக்கக்கூடாது. இட்ட சில மணி நேரத்தில் கரு ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும், அதற்கப்புறம் முட்டையைப் புரட்டினால் போச்சு. அதனால் நடுவில் டீ குடிக்கக்கூட நிற்காமல் பெசன்ட் நகர் பொரிப்பகத்துக்கு, அதாவது முட்டையைக் காவலில் வைத்துப் பொரிக்கவிடுகிற இடத்துக்கு, கொண்டுபோய், அதே ஆழத்தில் அதே வடிவத்தில் குழி தோண்டி வைத்து, தேதி, எண்ணிக்கை எல்லாம் எழுதிவைப்போம்.

ஏன் எடுக்கணும், இயற்கையாக விட்டுவிடலாமே என்று ஒவ்வொரு நடையிலும் ஒருவர் கேட்பார். நியாயமான கேள்விதான். நாய் தோண்டிவிடும், அது ஒன்று. அதைவிடப் பெரியது வெளிச்சம். குஞ்சு வெளியே வந்ததும் எந்தப் பக்கம் வெளிச்சமோ அந்தப் பக்கம் ஓடும். ஆள் நடமாட்டம் இல்லாத கரையில் அது கடல், நம் ஊரில் அது தெருவிளக்கும் ரெஸ்டாரன்ட் போர்டும். கொட்டிவாக்கத்தில் விடிகாலையில் ரோட்டோரம் நசுங்கிக் கிடந்த குஞ்சுகளைப் பார்த்திருக்கிறேன். கரையோர விளக்குகளை அந்த நாலு மாசம் அணைத்துவைத்தால் இந்தப் பொரிப்பகமே பாதி தேவைப்படாது என்பது என் கட்சி.

நல்ல எண்ணத்தில்கூட நீங்களாக முட்டையை எடுக்காதீர்கள். வனவிலங்குச் சட்டத்தில் அதிகப் பாதுகாப்பு தருகிற முதல் அட்டவணையில் இருக்கிற பிராணி இது, வனத்துறை அனுமதி வாங்கித்தான் இவர்களே எடுக்கிறார்கள்.

*

திருவான்மியூரிலிருந்து:

நான் நடக்கவில்லை, என் பெண்ணைக் கூட்டிக்கொண்டு சாயங்காலம் குஞ்சு விடுவதைப் பார்க்கப் போனேன். நாற்பத்தைந்து நாள் கணக்கு என்றார்கள், வெயில் ஏறினால் முன்னாடியே பொரிந்துவிடுமாம். மணல் சூடு கூடினால் பெண், குறைந்தால் ஆண் என்று அங்கிருந்த பையன் சொன்னதும் என் பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். சூடு ரொம்பப் போனால் முட்டையே கெட்டுவிடும், அதனால் மேலே நிழல் கட்டியிருந்தார்கள்.

குஞ்சுகளைத் தண்ணீரில் விடவில்லை, அலைக்குச் சற்று முன்னால் மணலில் விட்டார்கள், அதுகளே ஓடவேண்டும். ஒருவர் இடுப்பளவு தண்ணீரில் டார்ச்சோடு நின்றார், அந்த வெளிச்சத்தைப் பார்த்து எல்லாம் நேராகப் போயின. ஒன்று மட்டும் திரும்பத் திரும்ப எங்கள் காலடிக்கே வந்தது, பின்னால் ஒரு அங்கிள் மொபைல் ஃப்ளாஷை அணைக்கவில்லை. அந்தத் தன்னார்வலர் பெண் "சார், உங்க போனைத்தான் அது கடல்னு நினைக்குது" என்றாள். அப்புறம்தான் அணைத்தார்.

*

ஊரூர் குப்பத்திலிருந்து:

எல்லாம் சரி, ஒரு விஷயம் யாரும் சொல்லவில்லை. 2025 ஜனவரியில் சென்னைக் கரையோரம் ஆயிரத்துக்கு மேல் ஆமை செத்து ஒதுங்கியதே, அப்போது பீச்சுக்கு வந்த பாதிப்பேர் எங்களைத்தான் முறைத்துப் பார்த்தார்கள். ஆமைக்கு மூச்சு விட மேலே வரணும். விசைப்படகு இழுவலையில் மணிக்கணக்கில் மாட்டினால் மூச்சு முட்டிச் சாகும், கண் பிதுங்கி, கழுத்து வீங்கி ஒதுங்கும். எங்கள் ஃபைபர் படகு வலையிலும் சிக்கும், இல்லை என்று சொல்லமாட்டேன், உயிரோடு இருந்தால் அறுத்து விடுவோம், வலை போனது போனதுதான். முட்டையிடுகிற காலத்தில் 5 கடல்மைலுக்குள் இழுவலை போடக்கூடாது என்று விதி இருக்கிறது, வலையில் ஆமை தப்பிப்பதற்கான கருவியும் இருக்கிறது. யார் வைக்கிறார்கள்? மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15-இல்தான் ஆரம்பம், அதற்குள் பாதிக்கு மேல் ஆமை முட்டை போட்டு முடித்திருக்கும்.

எங்கள் தாத்தா காலத்தில் ஆமை முட்டையை எடுத்து விற்றதும் உண்டு. இப்போது கூடு இருந்தால் குப்பத்துப் பையன்கள்தான் முதலில் போன் போடுகிறார்கள்.

*

முதலில் எழுதியவன்தான். ஊரூர்க்காரர் சொன்னது அத்தனையும் உண்மை. செத்த ஆமையையும் நாங்கள் குறித்துவைக்கிறோம், எந்த இடம், ஆணா பெண்ணா, என்ன காயம். வாலை வைத்து ஆண் பெண் தெரிந்துவிடும், ஆணுக்கு நீளம். முட்டை எடுக்க நான் நீ என்று வருகிறவர்கள் இந்த வேலைக்கு ஒதுங்குவார்கள். மூக்கைப் பொத்திக்கொண்டு செய்யவேண்டியதுதான். புகார் கொடுக்கும்போது கையில் இருப்பது அந்தக் கணக்கு ஒன்றுதான்.

சேருவது எப்படி என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். பொதுமக்கள் நடை வார இறுதி ராத்திரிகளில் இருக்கும், அமைப்பின் பக்கத்தில் அறிவிப்பார்கள், முதலில் அதற்கு வாருங்கள். ஆரம்பத்தில் ஆமை பற்றி ஒரு பேச்சு இருக்கும், தயவுசெய்து அதில் தூங்காதீர்கள். பிடித்திருந்தால் அங்கேயே சொல்லுங்கள், தினசரி நடைக்குச் சேர்த்துக்கொள்வார்கள். ஜனவரியில் கூட்டம் அலைமோதும், ஏப்ரலில் தேர்வு வந்து பிள்ளைகள் காணாமல் போய்விடுவார்கள், குஞ்சு பொரிப்பதோ அப்போதுதான் மும்முரம். வேலைக்குப் போகிறவர்கள் அந்த மாசம் வந்தால் பெரிய உபகாரம். செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், தண்ணீர் பாட்டில் வேண்டும். டார்ச் வேண்டாம்.